ஆற்று நடுவே ஒரு நாற்காலி

நெடுஞ்சாலை இறக்கத்தில் முதலில் வந்தது வாசனை.
வெந்த முட்டைக்கோசும் அணைந்த தீக்குச்சியும்
சேர்ந்த மாதிரி.
கார்க் கண்ணாடியை ஏற்றினேன்.
அதற்குள் அது பின்னிருக்கையில்
வசதியாக உட்கார்ந்துவிட்டது.

நியூ ஹாம்ப்ஷயரின் வடமுனையில் ஒரு சிற்றூர்.
மலையேறப் போகிறவர்கள்
பெட்ரோல் போட நிற்கும் ஊர்.
நானும் மலைக்கென்றுதான் வந்தேன்.
மலை அன்றைக்கு மேகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டது.
'உச்சியில் காற்று மணிக்கு எழுபது மைல்' என்று
வனக்காவலர் சாக்கட்டியால் எழுதி
பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் வரைந்திருந்தார்.

சரி, ஆறு.

ரேஜான் பெல்ட்டியேயின் கொட்டகையில்
கயாக்குகள் வாழைச்சீப்பாய்த் தொங்கின.
எடை கேட்டார். சொன்னேன்.
நம்பாமல் ஓர் அளவு பெரிய படகைத் தந்தார்.
"ஆலைப் பக்கம் கரையை ஒட்டாதே,
தண்ணிக்கடியில் பழைய இரும்பு.
மத்தபடி ஆறு சாது."
மிதவை அங்கியின் வாரை இறுக்கும்போது
அவர் முழங்கைக்குக் கீழே வெளுத்த தழும்பைப் பார்த்தேன்.
"மூன்றாம் நம்பர் மெஷின்" என்றார்,
உறவுக்காரர் ஒருவரை அறிமுகப்படுத்துவது போல.

ஆற்றின் நட்டநடுவில் ஒரே வரிசையாக
கல்லடுக்கி மரச்சட்டம் கட்டிய குட்டித் தீவுகள்.
இரண்டு கம்பெனிகள் ஒரே தண்ணீரில்
கட்டை மிதக்கவிட்ட காலத்தில்
உன்னது என்னது என்று ஆற்றுக்கு வகிடெடுத்தவை.
கட்டைகள் நின்றுபோயின.
ஒரு கம்பெனி போயே போய்விட்டது.
இன்னொன்று ஐந்து முறை பெயர் மாற்றிக்கொண்டு
இன்னும் புகைவிடுகிறது.
வகிடு கலையவில்லை.
யாரும் நடாத பிர்ச் மரங்கள்
அதன்மேல் முளைத்து நிற்கின்றன, வெள்ளை முடியாக.

ஏழாவது தீவில், மரத்தடியில்,
ஒரு மடக்கு நாற்காலி.
பச்சையும் வெள்ளையுமாய் நைலான் பட்டை பின்னியது.
இரண்டு பட்டை அறுந்திருந்தது.

படகை ஒரு வேரில் கட்டிவிட்டு ஏறினேன்.
காலடியில் காபி டப்பா நிறைய மழைநீர்,
அடியில் ஈயக்குண்டு ஒன்று.
யாருடையதோ என்று கொஞ்சம் தயங்கினேன்,
பிறகு உட்கார்ந்தேன்.
ஊருக்கு முகம் காட்டாமல்
மேலாற்றைப் பார்த்துக் கிடந்தது நாற்காலி.

ஒரு கரையில் மரச்சீவல் குன்றின்மேல்
மஞ்சள் வண்டி ஏறுவதும் இறங்குவதுமாய்.
மறு கரையில் ஒரு பெண்
மலைத்தடத்துச் சேற்று வண்டியைக் குழாயடித்துக் கழுவுகிறாள்.
அவள் பையன் வேண்டுமென்றே தண்ணீருக்குக் குறுக்கே ஓடுகிறான்.
மூன்று மணிக்குச் சங்கு ஊதியது.
ஆலை வாசலிலிருந்து கார்கள்,
எண்ணினேன், பதினொன்றுதான்.
பாலத்தில் ஒரு லாரி வேகம் குறைத்து
இரண்டு முறை ஹாரன் அடித்தது.
கையை உயர்த்தினேன்.
எனக்கல்ல அது என்று பாதியில் புரிந்து
அந்தக் கையால் கொசு விரட்டினேன்.

திரும்பியபோது ஒரு மணி நேரம் கூடிவிட்டது.
மன்னிப்பாக நாற்காலியைச் சொன்னேன்.
துடுப்பைக் கழுவிக்கொண்டிருந்த ரேஜான் நிமிரவில்லை.
"இன்னும் இருக்கா?"

ஆறு உறைந்திருந்த பிப்ரவரியில்
லிஸெட் நடந்துபோய்ப் போட்டது.
பனியில் துளைபோட்டு மீன் பிடிப்பாளாம்,
இவர் இரவு ஷிஃப்டு முடித்துத் தூங்கும் நேரத்தில்.
மார்ச்சில் அவள் ஃப்ளோரிடா போனாள்.
ஏப்ரலில் பனி போனது.
எந்த வருஷம் என்று கேட்டிருக்கலாம்.
அவருக்குப் பின்னால் தொங்கிய கயாக்குகளைப் பார்த்தேன்.
துழாவினால் பத்தே நிமிடம்.

கூடுதல் நேரத்துக்குக் காசு வாங்கவில்லை.
"எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?"
"மேலாற்றை."
"இல்லையே, ஊரைப் பார்த்துத்தான் போட்டா" என்றவர்
காய்ந்த துடுப்பை இன்னொரு முறை துடைத்தார்.
"காத்து திருப்பியிருக்கும்."

மறுநாள் மலை திறந்தது. ஏறினேன்.
உச்சியிலிருந்து ஊர் ஒரு புகைக்கீற்று.
எல்லோரும் மறுபக்கத்துப் பள்ளத்தாக்கைப்
படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.
நான் புள்ளி புள்ளியாய் எண்ணிக்கொண்டு வந்து
ஐந்தாவதிலேயே தவறவிட்டேன்.
சட்டைக் காலரில் முட்டைக்கோசு.